பெல்ட்டில் புது ஓட்டை

கடைசி நோயாளி போனதும் அவள் உள்ளே வந்து டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். இன்று விடுவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

“தெரிஞ்சவர் ஒருத்தர். சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறார், இறங்க மாட்டேங்குது. துரும்பா இளைச்சு, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டு மாட்டுறார்.”

“திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுவாரா இருக்கும்.”

“தொடவே மாட்டார். அதுக்கு நான் கேரண்டி.”

டாக்டர் நிமிர்ந்தார். “அப்போ உடம்புல இன்சுலினே சுரக்காத டைப் ஒன்னா இருக்கலாம். பெரியவங்களுக்கும் வரும். ரத்தத்துல ஆன்டிபாடி பார்க்கணும். அதுதான்னா, இன்சுலின் போட்டா ஆளு தேறிடுவார்.”

“அப்பாவுக்கு இருந்த அதே டைப் டூதான்னு சாதிக்கிறாரே!”

“அவரே முடிவு பண்ணிட்டா டாக்டர் எதுக்கு? பெண்டாட்டி அவர் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதுதானே?”

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே ரத்தம் எடுக்கும் ஊசியோடு நர்ஸ் நின்றிருந்தாள்.

“ஆள் எங்கே?” என்றார் டாக்டர்.

“என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்.”

டாக்டரின் கை தானாகத் தன் பெல்ட்டுக்குப் போனது.

“வீட்டுல நான் சொன்னா, ‘டாக்டர் நீயா, நானா’ன்னு கேப்பீங்க. இப்ப டாக்டரே சொல்லிட்டார். சட்டைக் கையை மடிங்க!”