இலையில் முதலில் வைப்பது

அசோக்குமார் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழியும் வரை நின்றான். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தான். பொங்கும் முன் அணைத்தான். பல் தேய்த்தான். மலைமேல் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியபோது குளித்து முடித்திருந்தான்.

கல்பனா இறந்து அன்று பதினாறாம் நாள்.

வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மாவும் உறவினர்களும் வந்து இறங்கினார்கள். அரக்கோணத்திலிருந்து மாமனார் தனியாக வந்தார்.

மாமனார் பக்தவச்சலம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு முன் நாக்பூர் போய்ப் பௌத்தம் தழுவியவர். பென்ஷனில் சிக்கல் வரும் என்று பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கூடப் படித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகள் வந்து நின்றபோது, பையன் பேர் என்ன என்று மட்டும் கேட்டார். அசோக்குமார் என்றதும் சரி என்றுவிட்டார்.

கல்பனா இருந்தவரை இரண்டு பக்கத்தையும் சமாளித்தாள். கிருத்திகைக்கு மாமியாரோடு மலைப்படி ஏறினாள். பௌர்ணமிக்கு அப்பாவோடு உட்கார்ந்து மெழுகுவத்தி ஏற்றினாள்.

இப்போது கூடத்தில் அவள் படம் இருந்தது. அதன் முன் தலைவாழை இலை.

அசோக்குமார் வீட்டு ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கடைசியாக என்ன கேட்டாரோ அதைத்தான் படையலில் முதலில் வைப்பார்கள். கேட்டது கிடைக்காத உயிர் வாசலை விட்டுப் போகாது என்பார்கள். அதைக் கொடுத்து அனுப்புவது புருஷனின் தர்மம்.

பதினைந்து நாளாக அவன் பயந்துகொண்டிருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

அம்மா கௌரியம்மாள் கேட்டுவிட்டாள்.

"ஏன் நைனா, அன்னிக்கு நீ வேலைக்குப் போவசொல்ல உன்கிட்டதானே கடைசியா பேசினா? இன்னா கேட்டா?"

ஷாமியானாவிலிருந்து மாமனார் குரல் வந்தது.

"செத்தவங்க துன்ன மாட்டாங்க சம்மந்தியம்மா. ஆசைய அவுத்து உடறதுதான் தம்மம். நீங்க இன்னொரு முடிச்சு போட்டுகினு இருக்கீங்க."

"உங்க தம்மத்த அரக்கோணத்துல வெச்சுக்கங்க. இவ எங்க ஊட்டு மருமவ."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மாவுக்குத் தர்மம் என்றால் செய்வது. யார் கொள்ளி வைப்பது, யார் நீர் இறைப்பது, எந்த நாளில் எது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. செய்யத் தவறியதற்குப் பரிகாரமும் இருந்தது. ஆனால் தவறியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மாமனாருக்குத் தம்மம் என்றால் பார்ப்பது. உள்ளதை உள்ளபடி. இது இருப்பதால் அது உண்டாகிறது.

அசோக்குமார் பார்த்திருந்தான். கல்பனாவுக்கு நாலு நாள் டெங்கு. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. விட்டதால் அவன் அம்பத்தூருக்கு ரயில் ஏறினான். ஏறியதால் அவள் விழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தபோது மணி பன்னிரண்டு.

"சொல்லு நைனா. எல காஞ்சுகினு கீது."

"மாதுளம்பழம்," என்றான். வாயில் அதுதான் வந்தது.

பெண்கள் அழுதார்கள். ஒரு பழம், அதைக்கூடத் தின்னாமல் போய்விட்டாளே என்று அழுதார்கள். கடைக்கு யாரை அனுப்பலாம் என்று அம்மா திரும்பிப் பார்த்தாள்.

மாமனார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்தார்கள்.

"போவட்டும் உடுக்கா," என்றார் அம்மாவின் தம்பி சின்னசாமி. "எங்கனா அரச மரமா பாத்து உக்காந்துக்குவாரு."

அரை மணி கழித்து வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் பை.

பெற்ற தாயின் காரியத்தில்கூடத் தெருவிலேயே நின்றவர் அவர். இப்போது படத்துக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு மாதுளம்பழத்தை எடுத்து உடைத்தார். முத்துகளுக்கு நடுவில் இருந்த வெள்ளைத் தோலை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துப் போட்டார்.

"இது கசக்கும்னு துன்ன மாட்டா," என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மா ஒரு கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். சின்னசாமி வெளியே போய்விட்டார்.

முத்துகளை அள்ளி இலையில் வைத்தார் மாமனார். விரலெல்லாம் சிவந்திருந்தது.

சொல்லிவிடலாம் என்று அசோக்குமார் வாயைத் திறந்தான். முப்பது வருடமாக ஒரு மனிதர் விடாமல் பிடித்திருந்ததை ஒரு பொய் சொல்லி விட வைத்தாகிவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் அவரிடம் அந்தப் பழமும் இருக்காது.

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"வேற எதுனா கேட்டாளா, மாப்ளே?"

"இல்ல மாமா."

"ஆங்," என்று தலையாட்டினார். அடுத்த பழத்தை எடுத்தார்.

காய்ச்சல் விட்ட அன்று காலை அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கல்பனா சுவரைப் பிடித்துக்கொண்டே அவன் பின்னால் வந்து நின்றாள்.

"காய்ச்சல் இல்லடா. ஆனா என்னமோ பயமா கீது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போவாத."