துப்பாக்கி நேற்றே சொன்னது

காட்டோரம் காவலுக்குப் போனவன் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அதற்குப் பழகிய தோட்டாக்கள் மங்கலாக இருந்தன. அவற்றை வீட்டிலேயே போட்டுவிட்டு, வேகம் அதிகம் என்று எவனோ சொன்ன பளபள தோட்டாக்களை நிரப்பியிருந்தான்.

புதருக்குள் காட்டுப்பன்றி உறுமியது. வரிசையில் இரண்டாவதாக இருந்த தோட்டாவுக்கு உதறல் எடுத்தது.

"அண்ணே, நாங்க உனக்கு ஒத்து வருவோமா?"

"ஒத்து வரலடா," என்றது துப்பாக்கி. "நேத்து சுட்டுப் பாக்குறப்பவே உங்க ஆளுங்க என் தொண்டையில சிக்கிக்கிட்டாங்க."

"அய்யய்யோ! அவன்கிட்ட சொல்லலையா?"

"சிக்கினதுதான்டா நான் சொன்னது. அவன் என்னைத் தட்டிவிட்டுச் சிரிச்சான். போகப் போகச் சரியாயிடும்னான்."

"இன்னைக்கு மட்டும் சிக்காம இருண்ணே. பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் சிக்கணும்னு ஆசையா?"

பன்றி பாய்ந்து வந்தது. முதல் தோட்டா வெடித்து அதன் காதை மட்டும் கிழித்தது. பன்றிக்கு வெறி ஏறியது. வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வராமல் துப்பாக்கியின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தோட்டா அதில் முட்டி நின்றது.

அவன் விசையை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. நேற்று மாதிரியே துப்பாக்கியைத் தட்டினான். இந்த முறை சிரிக்கவில்லை.

பன்றியும் நிற்கவில்லை.