சுவரின் இருமல்

"அப்பா, சுவர் ஏன் இருமுது?"

சிறுமி கேட்டதும், வீட்டைச் சோதனையிட்ட சிப்பாய்கள் திரும்பினார்கள். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த கலகக்காரச் சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்களின் அதிகாரி பலமாக இருமினார். "நான்தான் பாப்பா. ஒரே தூசி." சிப்பாய்களோடு வெளியேறினார்.

இருபது வருடம் கழித்துக் கலகக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட அந்த அதிகாரியைத் தேடி, அதே வீட்டுக்குப் படை வந்தது.

"உள்ளே யாரும்மா?" என்றான் வாசலில் ஒரு வீரன்.

"எலிகூடப் பசி தாங்காம ஓடிப்போச்சுங்க" என்றாள் வளர்ந்துவிட்ட அந்தச் சிறுமி. மனம் கடவுளை அழைத்தது.

வீரர்களை மாடிக்கு அனுப்பிவிட்டுத் தளபதி தனியாக அறைக்குள் நுழைந்தார். சுவர் இருமியது.

"என்ன சத்தம், தளபதி?" என்று மாடியிலிருந்து கேட்டார்கள்.

இருபது வருடமாகத் தூக்கத்திலும் தன்னைத் துரத்திய அந்த இருமலை, தளபதியாகிவிட்ட சித்தப்பா பலமாக இருமினார்.

"நான்தான்ப்பா. ஒரே தூசி."