இறந்தகாலம்

“மறுபடியும் அதே தப்பு,” என்றாள் வான்மதி. சிவப்புப் பேனா ‘அணைப்போம்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டது.

அமெரிக்காவின் மில்பிடாஸ் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி மூன்று மணிக்கு. இப்போதே மணி ஒன்றரை. ஐந்தாவது படிக்கும் ரக்ஷா பட்டுப் பாவாடையோடு சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தலைப்பு அவளே பிடித்தது. போன மாதம் ஃப்ரீவேக்கு மேலே ராட்சத பலூன் மாதிரி மெல்ல நகர்ந்துபோன ஒரு வான்கப்பலைப் பார்த்துவிட்டு, லைப்ரரியிலிருந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியின் வான்கப்பல்கள் லண்டன்மேல் குண்டு போட்டதை அவற்றில்தான் படித்தாளாம். “பொங்கலைப் பத்திப் பேசேன் கண்ணு, ஈஸியா இருக்கும்,” என்று வான்மதி கெஞ்சிப் பார்த்தாள். மகள் மசியவில்லை.

மூன்று நாளாகத் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழை ஏகத்துக்கு இருந்தாலும், வான்மதி அவற்றைத் திருத்த மறந்து படித்துக்கொண்டே போனாள்.

‘சுருட்டு மாதிரி நீளமான கப்பல் வானத்தில் வந்தது. மக்கள் தெருவுக்கு ஓடி வந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று அவர்களுக்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் செத்துப்போனார்கள்.’

அதுவரை சரி. அடுத்த பாராவில்தான் சிவப்பு மை.

‘டீச்சர் சொன்னதும் நாங்கள் விளக்கை அணைப்போம். கதவைப் பூட்டுவோம். ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் ஒட்டி உட்காருவோம். மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. என் தோழி அழுதால் அவள் வாயைப் பொத்துவது என் வேலை. வெளியே அம்மா குரல் கேட்டாலும் கதவைத் திறக்க மாட்டோம்.’

வான்மதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தீபக், இங்க வாங்களேன். லண்டன் பசங்களே பேசற மாதிரி எழுதியிருக்கா.”

சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த தீபக் வந்து, மனைவியின் தோளுக்கு மேலிருந்து படித்தான். மகளின் தலையை வருடினான்.

“பத்து வயசுல என்னென்ன கத்துக்க வேண்டியிருந்திருக்கு, பாவம். நல்லவேளை, நம்ம பிள்ளை அந்தக் காலத்துல பொறக்கல.”

“பட் அம்மா...” என்று ஆரம்பித்தாள் ரக்ஷா.

“பட் எல்லாம் வேணாம் கண்ணு. நடந்து முடிஞ்ச விஷயத்தை இறந்தகாலத்துலதான் சொல்லணும். அணைத்தோம், பூட்டினோம், உட்கார்ந்தோம். போன வருஷமும் இதுலதான் மார்க் போச்சு. எங்க, ஒரு தடவை பாக்காம சொல்லு.”

ரக்ஷா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். லண்டன் தெரு, சுருட்டுக் கப்பல், வேடிக்கை பார்த்த கூட்டம் என்று கணீரென்று சொல்லிக்கொண்டு வந்தாள். நடுநடுவே திக்கினாள், அடுத்த சொல்லுக்காகக் கூரையைப் பார்த்தாள்.

இரண்டாவது பாரா வந்தது. “விளக்கை அணைத்...” என்று நிறுத்தினாள். பிறகு, “அணைப்போம். கதவைப் பூட்டுவோம்,” என்று தொடர்ந்தாள். இந்த முறை எங்கேயும் திக்கவில்லை. குரல் மட்டும் தானாகவே தணிந்து கிசுகிசுப்பாகிவிட்டது.

திட்டத்தான் வாயெடுத்தாள் வான்மதி. அதற்குள் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

“அது சரி கண்ணு, குண்டு மேலேர்ந்துதானே விழுது? கதவை எதுக்குப் பூட்டணும்? அதுவும் பெத்த அம்மா கூப்ட்டாகூடத் திறக்காம?”

ரக்ஷா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது பாமுக்கு இல்லம்மா, ஷூட்டர் துப்பாக்கியோட ஸ்கூலுக்குள்ள வந்தா ஒளிஞ்சுக்க. அந்தப் பாரா லண்டன் இல்ல, எங்க க்ளாஸ்.”