இடது கை

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெய்தது என்பாள் கும்ஹீ. இல்லை என்பார் பியோ. தேதி மே மூன்று என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ட்யூஷன் சென்டரின் சுவர் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி யாரோ பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

ஆங்கில டீச்சர் எட்வினா உள்ளே நுழைந்ததும் தாளாளர் பியோ கையிலிருந்த பழுப்பு உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வாங்க டீச்சர்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

அவளுடைய ஓராண்டு ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டித்தால் விசா உண்டு. இல்லையென்றால் இந்தக் குன்சான் நகரத்தை மட்டுமல்ல, கொரியாவையே விட்டுப் போக வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில், இங்கிலாந்தில், பிறந்த ஊரான கிரிம்ஸ்பியில் அவளுக்குக் கதவைத் திறந்துவிட ஆளில்லை. மூன்று வாரமாகப் பியோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வரவேற்பு மேசையிலிருந்த கும்ஹீ நிமிர்ந்து சிரித்தாள். "டீச்சர், கடற்பாசி சூப் குடிச்சாச்சா?"

எட்வினா அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரிந்த கொரிய மொழியெல்லாம் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தது. பரீட்சையில் கோட்டைவிட்டால், "சூப் குடிச்சிட்டேன் டீச்சர்" என்பார்கள். பாசி வழுக்குமல்லவா, அதனால். குளிர்காலத்தில் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ரோரியைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள்: "ரோரி சார் சூப் குடிச்சிட்டார். நேரா ஏர்போர்ட்தான்."

"இன்னும் இல்ல," என்றாள் எட்வினா.

"அடப் பாவமே. தனியா இருக்கிறவங்களுக்கு யாரு குடுக்கப் போறா? சாயங்காலம் நாங்களே குடுத்துடறோம்." கும்ஹீ குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு தாளாளர் சொல்லியிருக்கார். தெரியாத மாதிரி இருங்க."

எட்வினாவுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

காலியான வகுப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மார்ச் ஐந்தாம் தேதி, அவள் பிறந்தநாளன்று, கடையில் வாங்கிய பன் ஒன்றை ஜன்னல் விளிம்பில் வைத்து நறுக்கித் தின்றாள். அன்றும் மறுநாளும் இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே துரத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான்கு மணிக்கு அம்மாக்கள் பார்க்க வரும் வகுப்பு. இரண்டு வாரமாக அதற்கு ஒத்திகை. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைகளை மட்டும் கூப்பிட வேண்டும். இது பியோவின் ஏற்பாடு.

பின்வரிசையில் பதினோரு அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். எட்வினா முதல் கேள்வியைக் கேட்டாள். அறை முழுக்கக் கைகள் எழுந்தன. வாசலருகே நின்ற பியோவின் முகம் மலர்ந்தது.

எட்வினா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "யேரின், நீ சொல்லு," என்றாள்.

இரண்டாம் வரிசைச் சிறுமி யேரின் திகைத்தாள். டீச்சருக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"டீச்சர், இது இடது கை," என்று முணுமுணுத்தாள்.

"தெரியும். எழுந்து நில்லு."

யேரின் எழுந்தாள். அவள் கண்கள் நிறைந்த பிறகுதான் எட்வினா அடுத்த இடது கையைக் கூப்பிட்டாள். அதன் பிறகு இன்னொன்று. ஏழு பிள்ளைகள் வரிசையாக எழுந்து, வாய் திறக்காமல் நின்றார்கள்.

"ரெண்டு வருஷமா இங்க என்னதான் சொல்லிக்குடுத்தாங்க?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"கை தூக்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "அதை நல்லாவே சொல்லிக்குடுத்திருக்காங்க."

யேரினின் அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள். பியோ வாசலில் இல்லை.

எட்வினா ஆசிரியர் அறைப் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாள். கும்ஹீ பின்னாலேயே ஓடி வந்து ஏதோ கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை.

அந்த மாதமே பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஜூலையில் சென்டர் மூடப்பட்டது. யேரின் அதன் பிறகு எந்த வகுப்பிலும் கை தூக்கியதில்லை என்கிறார்கள். எட்வினா கிரிம்ஸ்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறாள். புதிய ஒப்பந்தம், பியோவின் கையெழுத்தோடு, அந்தப் பழுப்பு உறைக்குள்ளேயே கிடந்து போனது. அவர் இப்போது கோழி வறுத்து விற்கிறார். கும்ஹீ அதே கடையில் பொட்டலம் கட்டுகிறாள்.

கூட்டமில்லாத பிற்பகல்களில் பியோ இன்னும் கேட்பதுண்டு: "அன்னிக்குக் காலைல அந்தம்மாகிட்ட என்னதான் சொன்னே?"

கும்ஹீ ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வாள்.

"விண்ணப்பத்துல அஞ்சு, மூணுன்னு அவங்க கையாலதான் எழுதியிருந்தாங்க. அஞ்சாம் மாசம், மூணாம் தேதி. மே மூணு. பிறந்தநாளாச்சே, நம்ம வழக்கப்படி சூப் குடிச்சாச்சான்னு கேட்டேன்."