வரையாத இதழ்

“கண்ணு, அந்தப் பூவுல ஒரு எதழைக் காணம் பாரு. ஏன் உட்டுப்போட்டாங்கன்னு அந்தம்மாவைக் கேளு.”

கயல்விழிக்குத் திக்கென்றது. அப்பாவைக் கூட்டி வந்ததே தப்பு.

அவள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். டோங்கா தீவிலிருந்து கோவைக்கு வந்திருக்கும் ஓவியர் மெலே பேசுவதைத் தமிழில் சொல்ல அவளை அழைத்திருந்தார்கள். காலையில் அவள் செருப்பை மாட்டும்போது, “நானும் வாரேன்” என்று அப்பா சென்னிமலையும் கிளம்பிவிட்டார். ஊரில் பாதிப் பேரைப் போல மில்லில் உழைத்து ஓய்ந்தவர். வீட்டில் காலண்டர் கொஞ்சம் கோணலாகத் தொங்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரை ஓவியக் கண்காட்சிக்குள் விட்டால் சும்மா இருப்பாரா?

ஆடிக் காற்று ஜன்னல் வழியே தாராளமாக வந்துகொண்டிருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய சீலைகளில் ஆமைகளும் அலைகளும் கடற்பறவைகளும் மெல்ல அசைந்தன. கடல் இல்லாத ஊருக்குள் யாரோ கடலைக் கொண்டுவந்து காயப்போட்டிருந்தார்கள். நடுவே செம்மண் நிறத்தில் ஒரு பெரிய சீலை, அது நிறைய வெள்ளைப் பூக்கள். எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் ஓர் இதழ் இல்லை.

“சும்மா இருங்கப்பா. இந்தப் பூவைப் பத்தி வெளிநாட்டுல புஸ்தகமே போட்டிருக்காங்க.”

“போடட்டும் கண்ணு. கேக்கறதுல என்ன வந்துச்சு?”

அதற்குள் மெலேயே அருகில் வந்துவிட்டாள். கயல்விழியைவிட ஓரிரு வயது இளையவளாக இருப்பாள். சென்னிமலையின் விரல் காட்டிய இடத்தைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் சொல்லச் சொல்ல, கயல்விழி அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

“எங்க முன்னோர் மரப்பட்டையை அடிச்சுத் துணியாக்கி, அதுல படம் எழுதினாங்க. இந்த ஆமை, அலை எல்லாம் அவங்க கொடுத்ததுதான். ஆனா இந்தப் பூ எங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு. நான் பிறந்தப்ப என்னைச் சுத்தின துணியில இருந்த பூ. தீவு தீவாத் தேடிட்டேன், வேற யார்கிட்டயும் இல்லை.”

“எதழு?” என்றார் அப்பா, விடாமல்.

“சின்ன வயசுல கரித்துண்டை எடுத்து அந்த இதழை நான் வரையப் போனேன். மாமா கையைப் பிடிச்சுட்டார். ‘அடைச்சிடாதே, பிறக்கிற குழந்தை வீட்டுக்குள்ள வர்ற வழி அது. முன்னோர் விட்டுவச்சது’ன்னார். அன்னைக்குத்தான் எனக்கு ஓவியராகணும்னு தோணுச்சு.”

மெலேயின் குரல் தணிந்தது. கயல்விழியின் குரலும் கூடவே தணிந்தது.

“ஒருத்தர் பத்திரிகையில, ‘யாரோ மறந்துபோன இதழ், அவ்வளவுதான்’னு எழுதினார். அதைப் படிச்சிட்டு நான் ரொம்ப நாள் பிரஷையே தொடலை. அது மட்டும் நிசமா இருந்தா, நான் இதுவரைக்கும் வரைஞ்சதுக்கெல்லாம் அர்த்தமே இல்லை.”

மெலே பிறந்த அன்று அவளைச் சுற்றிய அந்தத் துணி ஓரமாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மூவரும் அங்கே போனார்கள். சென்னிமலை கண்ணாடியில் மூக்கு உரசும்படி குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் என்னவோபோல் இருந்தது.

“கண்ணு,” என்றார் கிசுகிசுப்பாக, “இது நம்ம மில்லுத் துணி.”

“என்னப்பா உளர்றீங்க?”

“உளறல. நான் போட்ட பூவு. எங்கையி எனக்குத் தெரியாதா?”

மில்லில் துணிக்கு டிசைன் வரையும் பிரிவில்தான் அப்பா இருந்தார். அவர் வரைந்த பூக்கள் எந்தெந்த ஊருக்குப் போயினவோ, வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“அப்ப அந்த இதழ்?”

“வேணும்னு உட்டதில்ல. பாதியில போட்டுப்போட்டுப் போயிட்டேன். முடிஞ்சுதாக்கும்னு எடுத்துட்டுப் போயி அச்சடிச்சுட்டாங்க. மொதலாளி குதிச்ச குதி! இங்க ஆரும் வாங்க மாட்டாங்கன்னு அம்புட்டையும் கப்பல்ல ஏத்தி எங்கியோ தீவுப் பக்கம் அனுப்பிப்போட்டாங்க.”

மெலே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்கள் அப்பா என்ன சொல்கிறார்?”

கயல்விழி ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இந்தக் கூடத்தில் அசையும் கடல் முழுக்க வற்றிவிடும். எதிரே நிற்பவளோ வெகு ஆவலாகக் காத்திருந்தாள். பாவமாக இருந்தது. அந்த இரக்கமெல்லாம் அப்பாவின் மேல் கோபமாகத் திரும்பியது.

“ஒரே ஒரு இதழ்! அதை முடிக்காம அப்படி எங்கப்பா ஓடுனீங்க?”

சென்னிமலை மகளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆசுபத்திரிக்குத்தான் கண்ணு. நீ பொறந்துட்டேன்னு வாட்ச்மேன் வந்து சொன்னான். பிரஷை அப்படியே போட்டுப்போட்டு ஓடியாந்துட்டேன்.”

கயல்விழி கண்களைத் துடைத்துக்கொண்டு மெலேயிடம் திரும்பினாள்.

“உங்கள் மாமா சொன்னது உண்மைதானாம். அந்த வழியாக வந்த குழந்தையை அப்பாவுக்குத் தெரியுமாம்.”