திபெத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

லூசியானாவில், எங்கள் ஆற்றோரத் தேவாலயக் கூடம். எந்த ஆலை எவ்வளவு நச்சுப்புகை விடுகிறது என்று காட்டும் மென்பொருளைத் திறந்து, எங்கள் ஊர் டெலீஷா சுவரில் வரைபடத்தை ஒளிரவிடுகிறாள். அதைக் காட்டித்தான் ஆலைக்காரர்களிடம் பள்ளிக்கூடத்துக்குக் காற்றை அளக்கும் கருவி கேட்க வேண்டும். வேலிக்கு அப்பால் நிற்கும் ஆலைக்கோ வரைபடத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. வியர்த்துப்போய் உலகத்தையே சுருக்கித் தேடுகிறாள். சிவப்புப் புள்ளி திபெத்துப் பனிமலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. "கம்பெனி குடுத்த தீர்க்கரேகையில கழித்தல் குறி விட்டுப்போச்சு. மேற்கு கிழக்காயிடுச்சு!" என்கிறாள். ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி ஹாலிஸ் டையை நீவிக்கொள்கிறார். "பதிவுல இருக்கறதத்தான் பேசணும். இந்த ஊர்ல எங்க புகை இல்லை." சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் கூடம் விழிக்கிறது. அப்போது ஆலைப் பக்கத்துச் சன்னல் திரை மெல்ல உப்புகிறது. அழுகிய முட்டை நாற்றம், மேசைமேல் ஆவி பறக்கும் இறால் குழம்பின் வாசனையை அமுக்கிவிட்டு உள்ளே வருகிறது. பிள்ளைகள் சட்டைக்குள் மூக்கைப் புதைக்கிறார்கள். ஹாலிஸ் இருமிக்கொண்டே எழுந்துபோய்ச் சன்னலை இழுத்து மூடுகிறார். குழம்புச் சட்டியருகே கரண்டியும் கையுமாக நிற்கும் வெர்லீன் கேட்கிறாள்: "ஏன் சார் மூடுறீங்க? திபெத்து மலைக்காத்து, உடம்புக்கு நல்லதாச்சே!"